அவர் பெயருக்குள் ஒரு சிங்கம்

ஜனவரி 6, செவ்வாய்

இன்றைக்கு அவருடைய செல்போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அந்த போன் என்னிடம்தான் இருக்கிறது. பெரும்பாலும் இரும்பு வியாபாரிகள், அல்லது கடன் தருகிறோம் என்று கொஞ்சுகிற பெண்கள். இது வேறு குரல். “சார், கண்ணு முடிஞ்சுது. அடுத்து பறவைதான். ஒரு ஃபோட்டோ தர்றேன்னு சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?”

ஏதோ கண் ஆஸ்பத்திரி என்று நினைத்து, “அவருக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்க, மூளையிலதான்” என்றேன். பிறகு மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவள் பெயர் ஜெசிந்தா. ஓவியம் வரைகிறவள். சிங்காநல்லூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். இவர் நவம்பரில் நேரில் போய் மூன்று படம் வரையச் சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எகிப்துப் படங்கள். அந்தக் காலத்து எகிப்து ராஜாக்களின் கல்லறைக்குள் வரைந்திருக்கிற மாதிரி, ஆனால் எங்கள் வீட்டுக்கென்று தனியாக.

இந்த வீட்டுச் சுவரில் சாமி படம், காலண்டர், மகன் யுவராஜின் கல்யாண ஃபோட்டோ தவிர வேறொன்றும் ஏறியதில்லை. மனிதர் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற ஃபவுண்டரிக்காரர். பம்பு கண்காட்சிக்கென்று போன வருஷம் எகிப்து போய் வந்தவர்தான், ஆனாலும் அவருக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்கலாம் என்றால் பதில் சொல்கிற நிலையிலா இருக்கிறார். டிசம்பர் முதல் வாரம் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார், அவ்வளவுதான். திறந்தாலும் யாரையும் பார்ப்பதில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறார்.

மதியம் மூக்குக் குழாயில் ராகிக் கஞ்சி. பாதியில் அடைத்துக்கொண்டது. வளர்மதிதான் சரிசெய்தாள். அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து வருகிற பெண் அவள். கை சுத்தம், வாய்தான் நீளம்.

ஜனவரி 7, புதன்

யுவராஜிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். ஃபவுண்டரியை இப்போது அவன் ஒருவனே பார்க்கிறான், கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருக்கிறது. “வேண்டாம்னு சொல்லீருங்கம்மா. இருக்கற நெலமைல இது ஒரு கேடா?” என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

நங்கையா காதிலும் விழுந்துவிட்டது. நங்கையா என்றால் இவருடைய அக்கா. தம்பிக்கு இப்படி ஆனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். “கல்லறைக்குள்ள இருக்கற படமாமா? பொணத்துக்கு வரையறத ஊட்டுல மாட்டுவீங்களா? அதுவும் இவன் இப்படிக் கெடக்கையில? உனக்கு என்ன, கிறுக்கா புடிச்சிருக்குது?” என்று ஒரு பிடி பிடித்தார். சொல்லிவிட்டுப் போய் அவருக்குத் திருநீறு பூசினார்.

சனிக்கிழமை நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். போனில் சொல்வது மரியாதையாக இருக்காது.

ஜனவரி 10, சனி

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.

ஜெசிந்தாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஆள் கறார். கையெல்லாம் பெயிண்ட். “வாங்கம்மா” என்று சொல்லி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். சாரைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டாள், அதிகமாக வருத்தப்பட்டு நடிக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. பிறகு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகையிலிருந்து துணியை எடுத்தாள்.

ஒரு கண். ஒரே ஒரு கண். என் இரண்டு கையையும் விரித்தாலும் அதைவிட அகலம். மேலே வில் மாதிரி புருவம், கீழே ஒரு கோடு நேராக இறங்குகிறது, இன்னொன்று சுருண்டு போகிறது. சுற்றிலும் நீலம். அந்த நீலத்தை என்னவென்று எழுதுவது? விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மேற்கே வானம் இருக்குமே, அப்படி. அந்தக் கண் என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் திரை விலகும்போது தானாக எழுந்து நிற்போமே, அப்படித்தான். செருப்பைக் கழற்றியிருக்கிறேனா என்றுகூட ஒரு நொடி காலைப் பார்த்துக்கொண்டேன்.

ஜெசிந்தா கதை சொன்னாள். ஹோரஸ் என்று அவர்களுக்கு ஒரு சாமி. சண்டையில் எதிரி அவன் கண்ணைப் பிடுங்கித் துண்டு துண்டாக்கிவிட்டான். இன்னொரு சாமி வந்து துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒட்டவைத்து முழுசாக்கிக் கொடுத்தது. அதனால் இது வெறும் கண் இல்லை, உடைந்து திரும்பவும் முழுசான கண். உடம்பு சரியாக வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் இதைச் சின்னதாகச் செய்து கழுத்தில் கட்டிக்கொள்வார்களாம்.

“இத அவரு எப்பக் கேட்டாருங்க?” என்றேன்.

“நவம்பர்லதாம்மா. அப்ப நல்லாத்தானே இருந்தாரு.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே மேலே ஃபேனைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், “சொல்லீட்டீங்களாம்மா?” என்றான் யுவராஜ். “அந்தப் பொண்ணு ரெண்டு நாள் டைம் கேட்டுச்சு” என்று பொய் சொன்னேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்துச் சாமிக்குக் காட்டினேன். அவருக்கு நாக்கில் ஒரு சொட்டு வெல்லப் பாகு தடவினேன், டாக்டருக்குத் தெரிய வேண்டாம். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 17, சனி

ஆஸ்பத்திரியில் காட்டினோம். மூளை டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. தடாகம் ரோட்டில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறதாம். அங்கே சேர்த்தால் நடக்க, விழுங்க, பேசப் பழக்குவார்கள். ஆனால் படுக்கை குறைவு, அதனால் தேறுவார் என்று தெரிகிறவர்களைத்தான் எடுப்பார்கள். அவர்களுடைய டாக்டர் பிப்ரவரி முதல் வாரம் வீட்டுக்கே வந்து பார்ப்பார். கூப்பிட்டால் திரும்ப வேண்டும், அல்லது ஆளைப் பார்த்துக் கண் நிலைக்க வேண்டும். ஏதாவது ஒன்று. இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். “அப்பறம் நாளாக நாளாக வாய்ப்பு கம்மியாயிரும்” என்றார்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறாரா?” என்று கேட்டார்.

“இல்லீங்க டாக்டர், எல்லாரும் கூப்பிட்டுப் பாத்தாச்சுங்க” என்றேன்.

வரும்போது காரை யுவராஜ் ஓட்டினான். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. அந்த மலையின் பெயர்தான் இவருக்கும் வைத்திருக்கிறார்கள். அதனால் எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அது, அடிவாரத்து ஊர்ப் பெயரில், பூண்டி மலை. ஒரு முறை பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்க, நான் “பூண்டி மலை” என்க, அவன் “அப்படி ஒரு மலை இல்லீங்களே அம்மணி” என்று வம்புக்கு நிற்க, பின் ஸீட்டிலிருந்த ஒரு அம்மா, “அது அவங்க ஊட்டுக்காரர் பேருப்பா, டிக்கெட்டக் குடு” என்று காப்பாற்றினாள். இதை எழுதும்போதும் பேனா அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

ஜெசிந்தாவுக்கு போன் செய்து, மூன்று படத்தையும் முடித்துவிடு கண்ணு என்றேன். யுவராஜிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது அவனுக்கு இருக்கிற தலைவலியே போதும்.

இரண்டாவது படம் பறவை. உடம்பு பறவை, முகம் மனிதன். ‘பா’ என்று பெயராம். மனிதனுக்குள் இருக்கிற உயிரில் ஒரு பங்கு அது. உடம்பு கிடக்கும்போது அது வெளியே பறந்து திரிந்துவிட்டுத் திரும்பி வரும். வந்து தன் உடம்பு எது என்று அடையாளம் தெரியாவிட்டால் அலைந்துகொண்டே இருக்கும். அதனால் முகம் அச்சாக இருக்க வேண்டும். அதற்குத்தான் ஃபோட்டோ. அதுவும் பக்கவாட்டு முகம். எகிப்துக்காரர்கள் முகத்தைப் பக்கவாட்டில்தான் வரைவார்களாம்.

பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன். கல்யாண ஆல்பம், காதுகுத்து, ஃபவுண்டரி பூஜை, பாஸ்போர்ட் சைஸ் என்று எத்தனையோ. அத்தனையிலும் ஆள் நேராக, கண் கொட்டாமல், ஜாமீனில் வந்தவர் மாதிரி கேமராவையே பார்க்கிறார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நிற்கிறோம். ஃபோட்டோ என்றால் நேரே பார், அசையாதே, இதுதானே நமக்குத் தெரிந்தது. மாலை மாற்றும்போதுகூட ஃபோட்டோக்காரன் சொன்னான் என்று இருவரும் திரும்பி அவனைப் பார்த்திருக்கிறோம். பக்கவாட்டில் ஒன்றுகூட இல்லை.

“அப்ப நானே வந்து பாத்து வரைஞ்சுக்கறேன்” என்றாள் ஜெசிந்தா.

இந்த அறை ஜன்னலை இப்போதெல்லாம் நான் சாத்துவதில்லை. கொசு வருகிறது என்று வளர்மதி முணுமுணுக்கிறாள். காற்று வரட்டும் என்றுதான் திறந்து வைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

ஜெசிந்தா காலையில் வந்தாள். நங்கையா கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். தாளில் முதலில் சிவப்புக் கோட்டில் கட்டம் போட்டாள், நாம் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொள்வது போல. அந்தக் காலத்திலும் சிவப்பில் வரைந்து, தப்பை மூத்த ஓவியர் கறுப்பில் திருத்துவாராம். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன்.

எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் முகத்தை இப்படி ஒரு பக்கமாக, இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. நெற்றியிலிருந்து மூக்கு இறங்குகிற இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. காது மடல் யுவராஜுக்கு இருப்பதைப் போலவே. வாய் லேசாகத் திறந்திருந்தது. உலைக்கு முன்னால் நின்று நின்று கன்னத்தில் கருத்த இடம். அந்த மனிதர் அழகாக இருந்தார். இதை யாரிடம் சொல்வது, இங்கேதான் எழுத வேண்டும்.

“சார் அனுப்பிச்ச வாய்ஸ் மெசேஜ் இருக்கும்மா. எப்படி வேணும்னு சொல்லி. கேக்கறீங்களா?” என்றாள் ஜெசிந்தா.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கேட்கிறேன் என்றேன்.

போனிலிருந்து அவர் பேசினார். கட்டிலில் இருப்பவர் அல்ல, நவம்பர் மாதத்து மனிதர். பின்னால் ஃபவுண்டரியில் சுத்தியல் சத்தம் கேட்டது.

“கண்ணு, நான் பம்பு கண்காட்சிக்குன்னு எகிப்து போயிருந்தனுங்க. கூட வந்தவங்க எல்லாம் வெளிய நெழல்ல உக்காந்து ஜூஸ் குடிச்சாங்க. நான் மட்டும் உள்ளாற எறங்குனன். ராஜாவோட கல்லறை. அய்யோ, என்னன்னு சொல்றது? மூவாயிரம் வருசமாச்சாமா. நேத்து பூசுனாப்ல இருக்குது. கூரையெல்லாம் நட்சத்திரம். எனக்குக் கால் ஓடல. அங்கயே நின்னு அழுதுட்டன் கண்ணு. எதுக்குன்னே தெரியல.”

அவர் அழுதாராம். பெற்ற தாயைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர். எகிப்திலிருந்து வந்த அன்று சாப்பிடும்போது ஏதோ சொல்ல ஆரம்பித்தார், எனக்கு நினைவிருக்கிறது. நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

அடுத்தது மூன்றாவது படத்தைப் பற்றி.

“அங்க ராஜா பேரை ஒரு கயித்து வளையத்துக்குள்ள எழுதியிருக்குதுங்க. கைடு சொன்னாப்ல, பேரை யாராச்சும் சொல்லீட்டு இருக்கற வரைக்கும் அந்தாளு சாகறதில்லையாமா. ஆகாத ராஜான்னா பேரைச் செதுக்கி எடுத்துருவாங்களாமா. அதுதான் பெரிய தண்டனையாமா. நான் யோசிச்சுப் பாத்தன். எம்பேரை எங்கம்மா சொல்லும். அம்மா போனதுக்கப்பறம் எம்பேரை நானே கேட்டதில்ல கண்ணு. அக்காவுக்குத் தம்பி, பையனுக்கு அப்பா, கம்பெனில மொதலாளி. எஞ்சம்சாரம் ஒருக்காகூடச் சொன்னதில்ல. அது தப்புன்னு சொல்லல, அவ வளந்த மொறை அது. அதனால ஒரு வேலை பண்றன். எம்பேரை அந்த எழுத்துல வரஞ்சு குடுங்க. நடு ஊட்டுல மாட்டிப்போடறன். வர்றவங்க போறவங்க எல்லாம் இது என்ன, என்ன எழுதியிருக்குதுன்னு கேப்பாங்கல்ல? அப்பவாச்சும் அவ வாயத் தொறந்து சொல்லித்தான ஆவோணும்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு தன் பெயரைத் தானே மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஜெசிந்தா தப்பில்லாமல் எழுதிக்கொள்வதற்காக.

கட்டிலில் இருந்தவரிடம் ஓர் அசைவும் இல்லை. ஜெசிந்தா என் முகத்தைப் பார்க்காமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அவளுக்கு டீ போட்டேன். சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேன். பாவம், குடித்துவிட்டாள்.

ஜனவரி 24, சனி

எவளோ ஒரு பெண்ணிடம் இவ்வளவு பேசியிருக்கிறார். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தோம். “தாத்தா, இந்தப் பக்கம் திரும்புங்க தாத்தா” என்றாள் வளர்மதி. ஈரத் துணி என் கையிலேயே நின்றுவிட்டது.

தாத்தா. ஆஸ்பத்திரியில் நர்சுகள் அப்பா என்றார்கள். பெரிய டாக்டர் சார் என்றார். நங்கையா தம்பி என்கிறார். ஃபவுண்டரி ஆட்கள் வந்து நின்று மொதலாளி, மொதலாளி என்று அழுதுவிட்டுப் போனார்கள். நான் ஏனுங்க, ஏனுங்க என்று நூறு தடவை கூப்பிட்டேன். எல்லோரும் கூப்பிட்டுப் பார்த்தாச்சு என்று டாக்டரிடம் வாய் கூசாமல் சொன்னேனே! இத்தனை நாளில் ஒருவர்கூட அவரை அவர் பெயரால் கூப்பிடவில்லை. இந்த ஊரில் எத்தனை ஆயிரம் தாத்தா, எத்தனை சார், எத்தனை ஏனுங்க. அந்தப் பறவை எதைக் கேட்டு, இது தனக்கான குரல் என்று திரும்பி வரும்?

யுவராஜைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை என்றாலும் மறுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். வாயைத் திறந்தான். “அப்பா” என்றான்.

“பேரச் சொல்லுடா.”

“வாய் வரலீங்கம்மா” என்றான். கண் கலங்கிவிட்டது பையனுக்கு. வளர்மதியைச் சொல்லச் சொன்னேன். அவள், அவர் பெயரோடு ஐயா என்று சேர்த்து, மந்திரம் போல மெல்லச் சொன்னாள். ஒன்றுமில்லை.

மதியம் எல்லோரும் அந்தப் பக்கம் போனதும் கதவைச் சாத்திவிட்டு நான் சொன்னேன். காதருகில் குனிந்து, எனக்கே கேட்காத குரலில். நாக்கு ஏதோ திருட்டு வேலை செய்தது போலப் பதறியது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெயராவது, பறவையாவது.

ஜனவரி 26, திங்கள்

படுக்கைப்புண் வராமலிருக்கப் புதுக் காற்று மெத்தை வந்தது. மோட்டார் ராத்திரி பகல் இரைகிறது. அதை ஒரு பேச்சுத் துணை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரி 30, வெள்ளி

மூன்று படமும் முடிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன்.

பறவையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவரேதான். மூக்கு மேடு, கன்னத்துக் கருப்பு எல்லாம் இருக்கிறது. அந்த முகத்துக்குக் கீழே பச்சையும் சிவப்பும் நீலமுமாக இறகுகள். கால் நகம் பூமியில் ஊன்றியிருக்கிறது. இப்போதுதான் வந்து இறங்கியதா, இல்லை கிளம்பப் போகிறதா, சொல்ல முடியவில்லை.

பெயர்ப் படத்தில் முட்டை வடிவில் ஒரு கயிற்று வளையம், பொன் நிறம். ராஜாக்களுக்கு மட்டும்தான் போடுவார்களாம். ஃபவுண்டரிக்காரருக்கு ராஜ வளையம், பரவாயில்லை, இருக்கட்டும். அதற்குள்ளே ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சின்ன உருவம். ஜெசிந்தா விரலால் காட்டிக்கொண்டே போனாள். முதலில் ஒரு காடைக்குஞ்சு. “இதுக்குக் கொம்புப் பாம்பும் போடலாம்மா” என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அடுத்து படுத்திருக்கிற சிங்கம். பிறகு இரண்டு நாணல். நீரின் அலை. பானை வைக்கிற பிரிமணை. ஒரு வாய். கடைசியில் மறுபடியும் நாணல்.

இவ்வளவு வருஷம் நான் வாயில் எடுக்காமல் தாண்டித் தாண்டிப் போன பெயருக்குள் ஒரு சிங்கம் படுத்திருந்திருக்கிறது. தண்ணீர் ஓடியிருக்கிறது. கரையில் நாணல் அசைந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு ஊரையே உள்ளே வைத்துக்கொண்டு அந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் படத்தின் முன்னால் கை கூப்பிவிட்டேன். ஜெசிந்தா பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

படங்கள் வீட்டுக்கு வந்தன. பெரிய கலவரம். நங்கையா பெட்டியைக் கட்டிவிட்டார். “பொணத்துப் படத்த மாட்டற ஊட்டுல எனக்கென்ன சோலி?” யுவராஜ், “ரெண்டு நாள் டைம்னு சொன்னீங்களே” என்று என்னைப் பார்த்தான். பொய் சொன்னேன் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு.

“அவரு ஆசப்பட்டுச் சொன்னது நங்கையா. அவரு எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லட்டும், அன்னைக்கே கழட்டீர்றன்” என்றேன். நங்கையா என்னை வெறித்துப் பார்த்தார். நான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, “கண்ணு படம் கொஞ்சம் சாஞ்சிருக்குது பாரு” என்றார்.

நடு வீட்டில் மாட்டுகிறேன் என்றுதான் அந்த மெசேஜில் சொன்னார் இவர். ஆனால் அவர் இருக்கிற அறைதான் இப்போது எனக்கு நடு வீடு. மூன்றையும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினோம்.

மறுவாழ்வு மைய டாக்டர் வியாழக்கிழமை வருகிறார்.

பிப்ரவரி 5, வியாழன்

டாக்டர் பதினோரு மணிக்கு வந்தார். சின்ன வயது, அவசரக்காரர், ஆனால் நல்ல மாதிரி. நங்கையா, யுவராஜ், வளர்மதி, நான் எல்லோரும் சுவரோரமாக நின்றோம். டாக்டர் இவர் கண்ணில் விளக்கு அடித்தார். காதருகே கை தட்டினார். நகத்தை அழுத்தினார். “சார், இங்க பாருங்க. சார்! என்னைப் பாருங்க” என்றார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லத்தான் இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். “வீட்டுக்காரம்மா, நீங்க ஒரு தடவை கூப்பிடுங்க” என்று டாக்டரே சொன்னார். முன்னால் போனேன். பக்கத்தில் நங்கையா. “ஏனுங்க” என்றேன். சொன்னதும் செத்துவிடலாம் போலிருந்தது. இன்னொரு தடவை முயன்றேன். அதுவும் ஏனுங்கதான்.

டாக்டர் விளக்கை அணைத்துப் பையில் போட்டார். யுவராஜிடம் தாழ்ந்த குரலில், “இப்போதைக்கு எங்களால எடுத்துக்க முடியாதுங்க. தப்பா நினைக்காதீங்க” என்றார். யுவராஜ் தலையை ஆட்டினான். அவ்வளவுதான், முடிந்தது. அவரை அங்கே சேர்க்க மாட்டார்கள். நான் வாய் திறக்காததால்.

பையை மாட்டிக்கொண்டு திரும்பிய டாக்டர் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். “அடடே, எகிப்து எழுத்தா? அழகா இருக்கே. என்ன எழுதியிருக்கு?”

யுவராஜ் தரையைப் பார்த்தான். நங்கையா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வந்தது துக்கம்கூட இல்லை, கோபம். என் மேல், இந்த டாக்டர் மேல், வந்த வேலையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிற அவருடைய அவசரத்தின் மேல். அடுப்படியிலிருந்து வாசலுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன்.

“வெள்ளியங்கிரி! வெள்ளியங்கிரின்னு எழுதியிருக்குதுங்க. எங்க ஊட்டுக்காரர் பேரு.”

அறையில் மெத்தை மோட்டார் மட்டும் இரைந்தது. அதற்கு நடுவில் வேறொரு சத்தம். தொண்டையில் சளி கரகரப்பது போல. முதலில் வளர்மதிதான் பார்த்தாள். “அம்மா, அம்மா” என்று என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அவர் முகம் ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

“திரும்பக் கூப்பிடுங்க” என்றார் டாக்டர். பை அவர் கையிலிருந்து நழுவிக் கட்டில் மேல் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. “அதே மாதிரி. சத்தமா.”

“வெள்ளியங்கிரி” என்றேன்.

அவர் கண்கள் அலைந்தன. சுவரில் போயின, டாக்டர் மேல் போயின, அங்கே எங்கும் நிற்கவில்லை. எங்கேயோ வெகு தூரத்திலிருந்து வருகிறவர் வீட்டு நம்பர் பார்த்துக்கொண்டே வருவது போல ஒவ்வொரு முகமாகத் தடவி வந்து என்னிடம் நின்றன. அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். நங்கையா “தம்பி” என்று அழுதுகொண்டே கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. எவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிறேன் என்று மட்டும் தெரிந்தது.

உதடு ஒரு பக்கமாகக் கோணியது. நாக்கு புரளவில்லை. மறுபடியும் முயன்றார். காற்றும் எச்சிலுமாக, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“என்...ன?”

வேலையில் இருக்கும்போது கூப்பிட்டால் ஒரு சலிப்போடு கேட்பாரே, அதே கேள்வி. கூப்பிட்டவள் எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன். “சும்மாதான் கூப்டன்.”